தாத்தா சட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெல்யாஸ்கோ ஆறாவது மாடியிலிருந்து பசை டப்பாவோடு இறங்கி வந்தார். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பழுது பார்ப்பவன் குடிகாரன் என்பதால் அவர் அதில் ஏறுவதில்லை. செத்தவர்கள் பேரில் வாசல் கதவில் தாள் ஒட்டுவது அந்தப் பல்கேரிய ஊரில் வழக்கம். ஏற்கெனவே மூன்று பேர் அதில் இருந்தார்கள்: இரண்டாம் மாடி டீச்சருக்கு நாற்பதாம் நாள், நான்காம் மாடி பஸ் டிரைவருக்கு ஒரு வருடம். மூன்றாவது தாளில் இருந்தது அவருடைய மகன்.

அவர் ஒட்ட வந்ததும் மகனைத்தான். கறுப்புக் கரை போட்ட தாள், நடுவில் படம், கீழே இரண்டே வரி. ஸ்விலென், இருபத்தாறு வயது. நீ போய் ஆறு வருடம், இப்படிக்கு அப்பா. அதை அவர் கையில் வைத்துக்கொண்டு நிற்க, வேறு எவனோ முந்திக்கொண்டு வேறொரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தான். அதே பையன், வேறு படம், சிரித்துக்கொண்டிருந்தான். அடியில் ‘நண்பர்களிடமிருந்து’ என்று இருந்தது.

எந்த நண்பன் என்று அவருக்குத் தெரியும். ஆறு வருடமாக வருடம் தவறாமல் ஒட்டுகிறான், வருடம் தவறாமல் அவர் கிழிக்கிறார். இந்தத் தடவை பசை நல்ல பசையாக இருந்து தொலைத்தது. மேல்பாதிதான் கையோடு வந்தது. அடிப்பகுதி ஒரு விரல் அகலத்துக்கு ‘நண்பர்களிடமிருந்து’ என்ற சொல்லோடு கதவில் நின்றுவிட்டது. வாசல் கூட்டும் தோத்கா துடைப்பத்தோடு வந்தாள். வெந்நீர் ஊற்றி அதைச் சுரண்டிவிடு என்று அவளிடம் சொல்லிவிட்டு, கிழித்த பாதியைக் கசக்கிக் கோட்டுப் பையில் திணித்து, தன் தாளை ஒட்டிவிட்டு மேலே ஏறினார். மாடி மாடியாக நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. டான்யூப் ஆற்றங்கரை யார்டில் முப்பத்தொரு வருடம் பழைய கப்பல்களைக் கேஸ் நெருப்பால் அறுத்தவருடைய நுரையீரல் வேறு எப்படி இருக்கும்?

வீட்டுக்குள் அடுப்பைப் பற்ற வைத்தார். கசக்கிய தாளைத்தான் முதலில் போட்டார்.

அந்த நண்பன் பேர் காமென். ஸ்விலெனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். இப்போது மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் ஒரே ஆட்டம் ஆடினார்கள், விண்வெளிக் கப்பல் ஆட்டம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் அதற்குள் இருப்பார்கள். சண்டை போடுவார்கள், சரக்கு ஏற்றுவார்கள், கொள்ளையடிப்பார்கள். ரூசே ஊர்ப் பையன்கள் பத்துப் பேர் சேர்ந்து அதில் ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். காமென்தான் தலைவன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரியில் ஸ்விலென் சாப்பிடுவதை நிறுத்தினான். பேசுவதை நிறுத்தினான். ஒரு நாள் பாலத்துப் பக்கம் போனவன் திரும்பி வரவில்லை. பையன் திரும்பி வராத வீட்டில் கம்ப்யூட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதில் காமெனிடமிருந்து ஒரு வரி இருந்தது: ‘நீ இனி எங்க ஆள் இல்ல.’

அந்த ஒரு வரியை ஜெல்யாஸ்கோ மறக்கவில்லை. சாவுக்கு வந்த காமென் கையை நீட்டியபோது அவர் தன் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். பத்துப் பேராகச் சேர்ந்து என் பிள்ளையை ஒதுக்கிக் கொன்றார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஏன் ஒதுக்கினார்கள் என்பதுதான் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் எட்டாவதைத் தாண்டாத மனிதர், அறுபத்து மூன்று வயதில் கீபோர்டில் ஒற்றை விரலால் எழுத்துத் தேடப் பழகினார். நானும் ஆடுகிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் கூட்டத்திலேயே போய்ச் சேர்ந்தார். காமென் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சேர்த்துக்கொண்டான். அதுவே சந்தேகத்துக்கு இடமாக இருந்தது.

உள்ளே போன பிறகு அவர் உளவு பார்த்தது கொஞ்சம், வேலை பார்த்தது அதிகம். சண்டையில் உடைந்த கப்பல்கள் அந்த ஆட்டத்தில் தானாக மறையாது. யாராவது வந்து அறுத்து எடுக்கும்வரை இருட்டில் மிதந்துகொண்டே இருக்கும். அப்படி உடைசல் கிடக்கும் இடத்துக்குப் பிணக்காடு என்று பேர். மற்றவர்கள் சுடத் துடித்தார்கள். இவர் அறுத்தார். எந்தத் தகட்டை முதலில் கழற்றினால் உள்ளே இருக்கும் எஞ்சின் நொறுங்காமல் வரும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. இரும்பு எங்கே இருந்தாலும் இரும்புதான். மெல்ல மெல்ல, அறுப்பு என்றால் தாத்தா என்று ஆகிவிட்டது. எந்த உடைசலானாலும் முதல் வெட்டு அவருக்கு என்று கூட்டத்தில் ஒரு வழக்கம் வந்தது.

போன வசந்தத்தில் ஒருவன் ஜெல்யாஸ்கோ என்று பேர் வைத்துக்கொண்டு வந்தான். ‘நான்தான் தாத்தா, புதுக் கப்பல், சுட்டுடாதீங்க’ என்று எழுதினான். நம்பி நின்ற நாலு பேருடைய கப்பல்களை அவனுடைய ஆட்கள் பின்னாலிருந்து வந்து உடைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குக் கிழவர் போட்ட கூச்சலை அப்படியே எழுதி, கூட்டத்துச் சுவரில் எல்லாருக்கும் மேலே குத்தி வைத்தாள் ஸ்லாதினா. அவள் மருந்துக் கடைக்காரி, வாய்க்காரி, சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ‘தாத்தா சட்டம்: பிணக்காட்டுக்கு வர்றவன் நல்லவனா இருக்க மாட்டான். கேக்காத, சுடு. என் பேரைச் சொல்லிக்கிட்டு வந்தா அவனை முதல்ல சுடு.’

அதற்கப்புறம் கூட்டம் ஒரு கப்பலையும் ஏமாந்து இழக்கவில்லை. கிழவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்போது விஷயம் என்னவென்றால், ஸ்விலெனின் கப்பல் இன்னும் அந்த ஆட்டத்துக்குள் இருந்தது.

கடைசியாக ஆடிய அன்று பையன் துறைமுகத்துக்குத் திரும்பாமல் நட்ட நடு வெளியில், அப்போது எதிரிகள் கையில் இருந்த இடத்தில், ஆட்டத்தை அணைத்திருந்தான். அப்படி அணைத்தால் கப்பல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அடுத்து எப்போது திறக்கிறோமோ அப்போது விட்ட இடத்திலேயே தோன்றும். பாஸ்வேர்டை ஸ்விலென் கீபோர்டின் அடியில் ஒட்டி வைத்திருந்தான். கணக்கின் முகப்பில் கப்பலின் படம், பேர், நின்ற இடம் எல்லாம் தெரிந்தது. பேர் ‘பெர்சின்’. ஜெல்யாஸ்கோ யார்டில் அறுத்த ஒரு இழுவைப் படகின் பேர் அது. அறுக்கும்போது ஸ்விலெனுக்கு ஒன்பது வயது. அறுக்காதே என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவர் அறுத்தார். பேர்ப்பலகையை மட்டும் கழற்றி அவனுக்குக் கொடுத்தார். அது இன்னும் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் தொங்கியது.

முகப்பைத்தான் வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பார். உள்ளே போகவில்லை. போனால் கப்பல் வெளியே தெரியும், தெரிந்தால் எவனாவது சுடுவான். இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று விட்டிருந்தார். போன மாதம் ஆட்டக்காரக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பல வருடமாக உள்ளே போய் ஆடாத கணக்குகளை மார்ச் முதல் தேதி அழித்துவிடுவார்களாம். கப்பல், ஆள், பேர் எல்லாம் போய்விடும்.

கொண்டு வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். ஒரு வெளியிலிருந்து அடுத்ததற்குப் போகும் வாயில் மூன்றைத் தாண்டினால் ரூசேக்காரர்களின் துறைமுகம். அங்கே கட்டிவிட்டால் யாரும் தொட முடியாது.

கூட்டத்திடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் முன்னும் பின்னும் ஆறு பேர் காவலுக்கு வந்திருப்பார்கள். சொல்லவில்லை. காமெனிடம் சொல்வதும் வாயிலில் போய் நின்று என்னைச் சுடு என்று கேட்பதும் ஒன்றுதான் என்று நினைத்தார். அந்த இடத்தில் இப்போது எதிரிகள் இல்லை, சண்டை முடிந்து உடைசல் மட்டுமே கிடந்தது. கூட்டத்தை அங்கே வேலைக்கு இழுத்து வந்ததே அவர்தான், இடத்தைப் பழகிக்கொள்வதற்காக. ஞாயிறு மத்தியானம் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். காமென் சாப்பாடு கொண்டுபோவான். ஸ்லாதினா சிலிஸ்திராவில் அம்மா வீட்டுக்குப் போவாள். நல்ல நேரம் என்று இதைத்தான் குறித்து வைத்திருந்தார். மகனுடைய நாளும் அதுவாக அமைந்தது.

பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தார். வீட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். ஒரு நேரத்தில் ஒரு ஆளாகத்தான் உள்ளே இருக்க முடியும். தன் கணக்கை மூடிவிட்டு மகனுடைய கணக்கில் நுழைந்தார்.

திரை கறுத்து, பிறகு விடிந்தது. பெர்சின் இருந்தது. நீள மூக்கு, நான்கு எஞ்சின், வயிற்றுப் பக்கம் பெரிய சரக்கு அறை. ஆறு வருடத்தில் ஒரு கீறல் இல்லை.

யார்டில் எந்தக் கப்பலில் ஏறினாலும் முதல் வேலை மூடிகளைத் திறந்து பார்ப்பது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நெருப்பு வைத்தவர்கள் இரண்டு பேரை அவர் பிணமாகத் தோளில் சுமந்திருக்கிறார். அந்தப் பழக்கம் ஆட்டத்திலும் விடவில்லை. அன்றைக்கு மட்டும் விட்டது. மகனுடைய சட்டைப் பையில் கை விடுவது போல இருந்தது. கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

மூக்கை வாயில் பக்கம் திருப்பினார். பாதி தூரம் போவதற்குள் கப்பல் நின்றது.

உடைசல்களுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கப்பல் வந்து எஞ்சின்மேல் வலை போட்டிருந்தது. பேரைப் பார்த்தார். ஸ்லாதினா. ஜலதோஷம் பிடித்து அம்மா வீட்டுக்குப் போகாமல் இங்கே காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாரும் அவளை இருக்கச் சொல்லவில்லை.

அந்த வெளியில் இருப்பவர்கள் எல்லாரும் படிக்கக்கூடிய பலகை ஒன்று உண்டு. அதில் அவர் விரலால் எழுத்துத் தேடித் தேடி எழுதினார்: ‘சுடாத. நான் ஜெல்யாஸ்கோ.’

எழுதி முடித்த பிறகுதான், என்ன எழுதிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

‘ஆமா, நான் பல்கேரியா ராணி’ என்று அவள் பதில் போட்டாள். சுட்டாள்.

போனில் கூப்பிடலாம் என்றால் அவள் நம்பர் அவரிடம் இல்லை. ஒருவருடைய நம்பரும் இல்லை. கேட்டபோது கொடுக்கவுமில்லை, வாங்கவுமில்லை. மறுபடி எழுதப் பார்த்தார். ‘நெஜமா’ என்பதில் பாதி எழுதுவதற்குள் கவசம் போனது. அவள் சுட்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எஞ்சினுக்கு நடுவில், சரக்கு அறை நொறுங்காதபடி, அவர் சொல்லிக்கொடுத்த இடத்தில்தான் சுட்டாள். தன் கையே தன் கண்ணைக் குத்தியது. இரண்டு நிமிடத்தில் பெர்சின் நடுவில் பிளந்தது.

அந்த ஆட்டத்தில் கப்பல் போனாலும் ஆள் சாவதில்லை. ஊர்த் துறைமுகத்தில் கண் விழிப்பான். திரையில் எழுத்து வந்தது: ‘ஸ்விலென், நீங்கள் உயிருடன் இருக்கிறீர்கள்.’

ஜெல்யாஸ்கோ அதை எழுத்துக்கூட்டி இன்னொரு தடவை படித்தார். பிறகு அந்தக் கணக்கை மூடினார். கணக்கு இனி அழியாது. அதில் கப்பல்தான் இல்லை.

தன் பேரில் உள்ளே போனதும் ஹெட்ஃபோனில் ஸ்லாதினாவின் மூக்கடைத்த குரல் துள்ளியது.

“தாத்தா! எங்க போனீங்க? ஒருத்தன் உங்க பேரைச் சொல்லிக்கிட்டு வந்தான். சட்டப்படி சுட்டேன். வாங்க, முதல் வெட்டு உங்களுக்கு.”

கூட்டத்துச் சுவரில் அறிவிப்பும் போட்டுவிட்டிருந்தாள். உடைக்கிற ஒவ்வொரு கப்பலுக்கும் வாசல் கதவுத் தாள் போலவே கறுப்புக் கரை கட்டி ஒன்று எழுதுவது அவர்களுடைய விளையாட்டு. அவரே எத்தனையோ தடவை சிரித்திருக்கிறார். ‘ஆழ்ந்த துக்கத்துடன்: பெர்சின், வயது தெரியவில்லை, எங்கள் தாத்தாவின் பேரைத் திருடிக்கொண்டு வந்து இன்று மத்தியானம் காலமானது. அடக்கம் தாத்தா செய்வார். பூ வேண்டாம், இரும்பு போதும்.’

அவர் தன் அறுப்புக் கப்பலை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனார். பெர்சின் இரண்டு துண்டாக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் ஸ்லாதினா சரக்கு அறைப் பட்டியலை வாசிக்க ஆரம்பித்திருந்தாள். போர் எஞ்சின் பதினொன்று. கவசத் தகடு இருநூறு. பெரிய பீரங்கி நான்கு. வாசித்தவள் நிறுத்தினாள். எல்லாவற்றிலும் நம்ம கூட்டத்து முத்திரை இருக்கிறதே, பழைய முத்திரை, நான் சேர்வதற்கு முன்னால் போட்டது, இது எப்படி இவனிடம் போனது என்று கேட்டாள்.

மைக்கில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. காமென் எங்கேயோ படிக்கட்டில் நின்று போனில் கேட்டுக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று தெரியாது.

“ஸ்லாதினா, வாசிக்காத” என்றான்.

“ஏன், யாருது இது?”

“நிறுத்துன்னா நிறுத்து.” பிறகு குரல் இறங்கியது. “பெரியப்பா, அதுல வந்தது நீங்களா?”

ஜெல்யாஸ்கோ ஆமாம் என்றார்.

ஸ்லாதினாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டாம் என்று காமெனும் விட்டிருக்கலாம். கிழவர் விடவில்லை. அந்தச் சரக்கு என் மகன் கப்பலில் எப்படி வந்தது, பொய் சொல்லாமல் சொல் என்று கேட்டார். காமென் சுற்றி வளைத்தான். பழைய கதை என்றான், ஆட்டம்தானே என்றான். கிழவர் மறுபடி கேட்டார். அப்புறம் சொன்னான். பத்துப் பேர் இரண்டு வருடம் சேர்த்த கிடங்கின் சாவி தலைவனைத் தவிர ஒரே ஒருவனிடம்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் கிடங்கு காலி. சாவி வைத்திருந்தவனும் இல்லை. எதிரிக் கூட்டம் ஒன்று, சரக்கோடு வந்தால் பெரிய இடம் தருகிறோம் என்று சொல்லியிருந்ததாம். அவர்களிடமும் அவன் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டான். மனசு மாறியதோ, பயந்தானோ, யாருக்குத் தெரியும்.

“கோவத்துல எழுதிட்டேன் பெரியப்பா. எங்க ஆள் இல்லன்னு. ரெண்டு நாள் விட்டு, போடா நாயே, வந்து தொலைன்னு எழுதணும்னு இருந்தேன். அந்த ரெண்டு நாளுக்குள்ள அவனே இல்ல.”

ஹெட்ஃபோனில் எங்கோ ஒரு லிஃப்ட் மணி அடித்தது. சாப்பாட்டுக்குக் காத்திருந்த யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

“ஏன்டா என்கிட்ட சொல்லல? ஆறு வருஷம் பக்கத்துல வச்சிக்கிட்டு ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

கிழவர் யோசித்துப் பார்த்தார். “மாட்டேன்” என்றார்.

“அதான்.”

ஸ்லாதினா அழ ஆரம்பித்திருந்தாள், மூக்கடைப்போடு சேர்ந்து அது அசிங்கமாகக் கேட்டது. நான் என்ன செய்வேன், சட்டம் அப்படித்தானே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கிழவர் அவளைத் திட்டவில்லை. நீ சரியாகத்தான் செய்தாய், அறையை நொறுக்காமல் சுட்டாய் என்றார். சமாதானத்துக்காகச் சொன்னதில்லை. நிஜமாகவே நல்ல வேலை அது.

காமென் கப்பலை அப்படியே விட்டுவிடலாம் என்றான். சரக்கும் யாருக்கும் வேண்டாம், யாரும் அந்தப் பக்கம் போக மாட்டோம், கிடக்கட்டும் என்றான். ஜெல்யாஸ்கோ வேண்டாம் என்றுவிட்டார். இவர்கள் போகாவிட்டால் வேறு எவனாவது வருவான். மூடியைத் திறந்து முத்திரையைப் பார்ப்பான். கை தெரியாதவன் கண்ட இடத்தில் வெட்டுவான்.

அவரே அறுத்தார். முதலில் சரக்கு அறை. பதினொரு எஞ்சினையும் தகடுகளையும் பீரங்கியையும் ஒன்று விடாமல் கொண்டுபோய்க் கூட்டத்துக் கிடங்கில் வைத்துவிட்டு வந்தார். யாரும் நன்றி சொல்லவில்லை, அது நல்லதாகப் போயிற்று. அப்புறம் வால், அப்புறம் விலா, அப்புறம் மூக்கு. யார்டில் அந்தப் படகை அறுத்த அதே வரிசை. நாற்பது நிமிடம் ஆனது. மற்ற நாளில் அரட்டை ஓயாது. அன்றைக்கு ஸ்லாதினாவும், போனிலேயே ஆட்டத்துக்குள் வந்துவிட்ட காமெனும் வாயைத் திறக்காமல் ஆளுக்கொரு பக்கம் காவல் நின்றார்கள். காமெனின் சாப்பாடு யாருக்கோ ஆறிப் போயிருக்கும்.

கடைசித் துண்டு போனதும் அங்கே ஒன்றும் இல்லை. வெறும் இருட்டு.

ஸ்லாதினா, நான் போட்ட அறிவிப்பை எடுத்துவிடுகிறேன் என்று முனகினாள்.

“எடுக்காத” என்றார் ஜெல்யாஸ்கோ. “வயசு தெரியலன்னு போட்டிருக்க. இருபத்தாறுன்னு போடு.”

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். அடுப்பு அணைந்திருந்தது. திறந்து பார்த்தார். காலையில் போட்ட தாள் சாம்பலாகக்கூட அடையாளம் தெரியவில்லை. முந்தின நாளே வேகவைத்துச் சர்க்கரை தூவி வைத்திருந்த கோதுமையைக் காகிதக் கிண்ணங்களில் போட்டுத் தட்டில் அடுக்கினார். செத்தவன் பேரில் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். மாடி மாடியாகக் கொடுத்துக்கொண்டே இறங்கினார். வாசலுக்கு வரும்போது வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது.

நேரே கதவுக்குப் போனார். அவருடைய தாள் இருந்தது. பக்கத்தில் அந்த ஒரு விரல் அகலத் துண்டு இல்லை. தோத்கா கத்தியால் சுரண்டி, வெந்நீர் ஊற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தாள். அந்த இடத்தில் மட்டும் கதவின் பச்சைப் பெயிண்ட் புதுசு போலப் பளபளத்தது.

தோத்கா துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றாள். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியதாகச் சொன்னாள்.

“இந்த வருஷம் சுத்தமா எடுத்துட்டேன் பாருங்க. ஒரு எழுத்து இல்ல.”

ஜெல்யாஸ்கோ கதவில் அந்தப் பளபளப்பான இடத்தைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஈரமாக இருந்தது. தட்டில் இரண்டு கிண்ணம் மீதி இருந்தது. ஒன்றை அவளிடம் கொடுத்தார். இன்னொன்றை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.